விற்றுத் தீர்ந்த பதிப்பு

ஒலாஸ்கோவாகா கடையில் அதிகம் விற்றது
கோடு போட்ட நோட்டு, மைக்கூடு,
ஆடு குட்டி போடும் நாள் குறித்த பஞ்சாங்கம்.
நாவல்கள் தவணையில் போகும்.
பண்ணைவீட்டு அம்மாக்கள் கேட்டால்
முடிவை மட்டும் முன்பணமில்லாமல் சொல்லிவிடுவார்.

அந்தக் காசில்தான்
மான்டிவிடியோவின் நரம்பிசைக்காரர் நால்வர்
கம்பளி மூட்டை ஏற்ற வரும் ரயிலில்
எங்கள் ஆற்றங்கரையில் வந்து இறங்கினார்கள்.
முதல் வரிசையில் உட்கார்ந்து
இரண்டாம் பகுதியில் தூங்கிவிடுவார்.
எர்மீண்டா முழங்கையால் இடிப்பாள்.
விழித்ததும் கைதட்டுவார்,
அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே.
அவர் தட்டினால் ஊரும் தட்டியாக வேண்டும்.

என் கவிதைகளை அச்சிட்டவரும் அவர்தான்.
இருநூறு பிரதி.
எட்டு மாதம் கழித்து ஓர் உறையை நீட்டினார்:
"எல்லாம் போயாச்சு."
நான் ஒரு தொப்பி வாங்கினேன்.
சாய்த்து வைத்துக்கொண்டு
இறைச்சித் தொழிற்சாலை வாசலில்
ஷிஃப்ட் விடும் நேரமாகப் பார்த்து
இருமுறை நடந்தேன்.

ஆறு ஏறிய வருடம்
அரங்கின் படிகளைத் தண்ணீர் எண்ணிக்கொண்டு வந்தது.
நாற்காலிகள் மாடிக்குப் போய்விட்டன.
பியானோ மட்டும் மாடிப்படியில் திரும்பவில்லை.
படகில் போய்
சணல் கட்டுகளோடு வந்தார்.
பிரித்தால்
என் பெயர், என் பெயர், என் பெயர்,
நூற்று எண்பத்தேழு தடவை.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.
"சீரான கனம்," என்றார் தச்சனிடம்.
"காலுக்கு அறுபது வை."
எட்டுப் பேர் தம் கட்டித் தூக்கினோம்.
நானும் ஒருவன், தொப்பியோடு.

மூன்று இரவு.
ஊறிய கவிதைகள் உப்பி
பியானோவை இன்னொரு விரல் உயர்த்தின.
மிதிகட்டைக்கு அரை விரல் கீழே
தண்ணீர் நின்றது.

சேறு வழிக்கும்போது சொன்னார்:
"அடுத்ததைக் கொஞ்சம் தடியா எழுது."

தடியாக எழுத எனக்கு வரவில்லை.
பேனா விலை பேசிக்கொண்டிருந்தபோது
ஒரு ஜூன் மாதம் இறந்துபோனார்.
கல்லறையில் பேண்டு வாத்தியம் முடியும் முன்பே
எர்மீண்டா கைதட்டினாள்.
ஊரும் தட்டியது.

பின்காலின் அடியில் நாலு பிரதி இன்னும் இருக்கிறது.
அந்த இடத்தில் தரை இறங்கிவிட்டது.
போன வாரம் வாசிக்க வந்த பெண்
குனிந்து பார்த்துவிட்டு
யாருடைய புத்தகம் என்று கேட்டாள்.
உருவாதே, என்றேன்,
சுருதி போய்விடும்.