உள்ளறை

வில்ஃபிரான்ஷ் குடாவின் நடுவில் நிற்கிறது கப்பல்,
கரைக்கு வரமுடியாத கனத்தோடு.
நாலரைக்குக் கடைசிப் படகு.
குகதாஸ் மணிக்கூட்டைக் கழற்றவில்லை,
சப்பாத்தையும்தான்.

காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து
கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்த ஆறு பணிஸ்.
களவில்லையாம், காசு கட்டியாச்சாம்.
ஐஸ்கிரீம் ஆறு யூரோ என்ற பலகைக்கு
முதுகு காட்டித் துவாய் விரித்திருக்கிறார்.

இடுப்பளவு தண்ணியில் நான்.
நீச்சல் உடுப்பின் விலைத்துண்டு விலாவில் குத்துகிறது.
டோர்ட்முண்டில் திருப்பிக் கொடுக்கலாமென்று
வெட்டாமல் விட்டது.
இனி எங்கே, நனைஞ்சாச்சு.

ஆரபி கேட்கிறாள்:
"அப்பா, எங்கட யன்னல் எது?"

எங்களுடையது உள்ளறை.
யன்னல் இருக்கவேண்டிய இடத்தில்
சட்டமிட்ட ஒரு மீன் படம்.

அவர் கண்ணைச் சுருக்குகிறார். விரலால் எண்ணுகிறார்.
"ஒன்பதாம் தட்டு. இடப்பக்கமிருந்து மூன்றாவது."
வரிக்கணக்குச் சொல்லும் அதே குரல்.

இரண்டு கையையும் தூக்கி
அசைத்துக்கொண்டே நிற்கிறாள் பிள்ளை,
கனநேரம்.

அங்கே யாரோ
ஈரத் துவாயை உதறுகிறார்கள்.

"பாத்தீங்களா, திருப்பிக் காட்டுறம்!"

குகதாஸ் ஒன்றும் பேசவில்லை.
எழும்பி, ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடக்கிறார்,
சப்பாத்துக்குள் மணலோடு.