ரிவர்ஸ்

எதிர்ப்படும் எல்லோரிடமும் வாதாடுவதால்
வக்கீல் என்று பேர் வைத்தோம்.
மூக்கனேரிக் கரையில் கொக்குகளோடு வழக்கு,
ஏற்காட்டுக்குப் போகும் புல்லட்டுகளோடு வழக்கு,
தண்ணீர் கேன் ஏற்றி இறக்கும் என்னோடும்
நாளுக்கு நாலு வழக்கு.

பதினோரு நாளாக வாய்தா.

இடது பின்னங்காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.
தையலை நக்காமலிருக்க
இருபது லிட்டர் கேன் ஒன்றை
வாயும் அடியும் அறுத்துக் கழுத்தில் மாட்டினேன்.
விலைக்கே வாங்கியிருக்கலாம்.
என் கையால் ஏதாவது செய்யவேண்டியிருந்தது.
அதற்குள் அது விடும் மூச்சு
கிணற்றில் யாரோ இருப்பதுபோல் கேட்கிறது,
இரவெல்லாம்.

நடக்கப் பழகிவிட்டது, அது பெரிதில்லை.
மூன்றாம் நாளே எழுந்து கேட் வரை போய்
விழுந்த இடத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பியது.
வேப்பமரத்தடியில் மட்டும் குழப்பம்,
எந்தக் காலைத் தூக்குவது?
ஏற்கெனவே தூக்கித்தான் இருக்கிறது என்று
புரிய ஐந்தாறு நாள் ஆனது.
கோகிலவாணி சிரித்தாள். நானும்.
சிரித்துவிட்டு
ஆளுக்கொரு அறைக்குள் போனோம்.

மாறியது வேறு.
தட்டருகே மகள் போனால்
அவளிடமே உதட்டைத் தூக்குகிறது,
அவள் விரலிடுக்கில் பிஸ்கட் தின்று வளர்ந்தது.
பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்ந்து
கால்களை நக்குகிறது,
நாலையும், நிதானமாக.
குரைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.
தூங்கும்போது முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது,
பின்னால் எதுவும் வர இடம் விடாமல்.

வலி போனாலும் பயம் போக நாளாகும் என்றார்
டாக்டர் தமயந்தி.
மாத்திரையைத் தயிர்சோற்றில் வையுங்கள்,
யார் கூப்பிட்டால் வருகிறதோ அவர் கொடுக்கட்டும்.
நான் கூப்பிட்டால் வருவதில்லை.
அதை அவரிடம் சொல்லவில்லை.
படிவத்தில் 'வண்டி மோதியது' என்று எழுதியிருந்தேன்.
யாருடைய வண்டி என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.

என் குட்டியானையில் ரிவர்ஸ் போட்டால்
குழந்தைப் பாட்டு மெட்டு ஒன்று வரும்.
அன்றும் வந்தது.
அது விலகிவிடும் என்று நான் நினைத்தேன்,
தினமும் விலகும்.
நான் நிறுத்திவிடுவேன் என்று அது நினைத்திருக்கும்,
தினமும் நிறுத்துவேன்.

இப்போது தெருவில் எந்த வண்டி அந்த மெட்டைப் போட்டாலும்
கட்டிலுக்கடியில் புகுந்து
இருந்த இடத்திலேயே ஈரமாக்குகிறது.
என் வண்டி ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
மலைப்பாதையில் ஏதோ ஒரு வண்டி
வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தது.
வாசற்படியில் நான். நாலடி தள்ளி அது.
இடது காதில் அரிப்பு போல,
தலையைச் சாய்த்தது.
தையல் போட்ட குட்டைத் தொடை
படபடவென்று துடித்தது,
அதே வேகம், அதே தாளம்,
இல்லாத காலால் சொறிந்துகொண்டிருந்தது.
காது அப்படியே இருந்தது.
நிறுத்தியது. கொஞ்சம் யோசித்தது.
மறுபடி.

கையை நீட்டினேன். உறுமியது.
நான் இழுத்துக்கொள்ளவில்லை.
கேன் விளிம்புக்குள் விரலை விட்டு
காதின் அடியில் சொறிந்தேன்.
தொடையும் என் விரலோடு சேர்ந்து ஆடியது,
தானே சொறிந்துகொள்வதுபோல.
உறுமலும் நிற்கவில்லை.
இரண்டும் ஒன்றாக நடந்தன, கரண்ட் வரும்வரை.
வந்ததும் எழுந்து போய்
கோகிலவாணி காலடியில் படுத்துக்கொண்டது.

இன்று காலை இருபத்தாறு கேன், எட்டுச் சந்து.
ரிவர்ஸ் போடுமுன் ஒவ்வொரு சந்திலும் இறங்கி
பின்சக்கரம் வரை போய்க் குனிந்து பார்க்கிறேன்.
அஸ்தம்பட்டியில் மாடியிலிருந்து ஒருவர் கேட்டார்,
'ஏதாவது விழுந்துடுச்சுங்களா?'
'இல்லீங்க' என்று ஏறி உட்கார்ந்தேன்.
கியரில் கை வைத்தேன்.
மறுபடி இறங்கினேன்.