பொள்ளல்

கென்ட் கரையின் கூழாங்கல் வெளியில்
முப்பதடி உயரத்துக்கு ஒரு காது நிற்கிறது.
கான்கிரீட் காது.
கால்வாய்க்கு அப்பாலிருந்து கிளம்பும் விமானத்தை
கண்ணில் படுமுன் கேட்டுவிடக் கட்டினார்களாம்.
சாரம் பிரித்த ஈரம் காய்வதற்குள்
ரேடார் வந்துவிட்டது.
அதன்பின் அது கேட்டதெல்லாம்
கடற்காக்கை, காற்று,
ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் கத்திப் பார்க்கும்
தங்கள் பெயர்கள்.

ஹெஸ்டர் பில்ச்சர் சாரத்தின் மூன்றாம் தட்டில் மண்டியிட்டு
அந்தக் காதைச் சுத்தியலால் தட்டுகிறாள்,
முற்றிய தேங்காய் தேடுகிறவள்போலத்
தலை சாய்த்து.

டங்.
டங்.
டங்.
டொப்.

"கோஸ்மின், இங்கே."
நான் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுகிறேன்.
வியாழக்கிழமை சாயங்காலம்
சுவருக்கு அம்மை போட்டிருந்தது.

உடைத்த வாயில் மருந்து தெளிப்பதும் என் வேலை.
உயிருள்ள கான்கிரீட்
மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்ததுபோல்
குப்பென்று நிறம் பிடிக்கும்.
செத்தது வெறுமனே நனையும்.
இங்கே நன்றாகவே சிவந்தது.
அப்படியும் உள்ளே கம்பி துரு.

உப்பு.
வெளியிலிருந்து வந்த உப்பு மட்டுமில்லை.
கட்டியவர்கள் காலடியிலிருந்தே கல் அள்ளியிருக்கிறார்கள்.
நாங்கள் தோண்டிய குழியில்
உடையாத சிப்பி ஒன்று கிடந்தது,
கடலை இன்னும் மூடி வைத்துக்கொண்டு.

இரும்பு பேசாமல் இருக்கும்வரை
தன் இடத்தில் இருக்கும்.
துருவானதும் பல மடங்கு இடம் கேட்கும்.
கேட்டுக் கிடைக்காவிட்டால்
சுவரைத் தள்ளும்.

சாப்பாட்டு வேளையில் காதின் குழிவில் உட்கார்ந்தோம்.
எங்கோ, கண்ணுக்கெட்டாத தூரத்தில்
ஒரு மனிதன் தன் நாயை அதட்டினான்:
"பிஸ்கட், அதைத் துப்பு! துப்புடா!"
எங்கள் தோளருகில் சொன்னதுபோல் இருந்தது.
ஹெஸ்டர் ரொட்டியை இறக்கிவைத்துச் சிரித்தாள்.
"வேலை செய்யுது," என்றாள்.

வெள்ளிக்கிழமைதான் அந்த ஒட்டைக் கண்டோம்.
வடக்கு விளிம்பில், ஒரு மேசை அகலம்.
வழவழப்பு. மயிரிழை விரிசல் கிடையாது.
ஈரமாய் இருந்தபோது ஆணியால் கீறிய எழுத்து:
ஆர். டி. 79.
தட்டினாள். மணிபோல் ஒலித்தது.

ஒரு சாண் தள்ளித் தட்டினாள்.
டொப்.
இன்னொரு பக்கம். டொப்.
சுற்றிலும் டொப்.

நல்ல இடத்துக் கம்பி சுகமானபின்
பக்கத்துக் கம்பி அதன் பங்குக்கும் சேர்த்து அரிபடுமாம்.
விரல் பருமன் கம்பி
அங்கே பென்சில் முனையாகியிருந்தது.

ஹெஸ்டர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி
அந்த எழுத்துகள்மேல் விரலை ஓட்டினாள்.
"அரைகுறை ஆளாயிருந்தா திட்டிட்டுப் போயிருக்கலாம்.
இந்த ஆளு வேலை தெரிஞ்ச ஆளு."

பிறகு நாங்களும் அதைத்தான் செய்தோம்:
வெட்டினோம், கம்பியைத் தேய்த்து வெளுக்க வைத்தோம்,
புதிதாய்ப் பூசினோம்.
ஒன்று மட்டும் கூட.
கம்பியோடு கம்பியாய்த்
துத்தநாக வில்லைகள் நாற்பத்திரண்டு கட்டினோம்.
உப்பு பசித்தால் முதலில் இவற்றைத் தின்னட்டும் என்று.
தின்று தீர்த்தபின்?
"பதினஞ்சு வருஷம். இருபதுன்னு வேணா வெச்சுக்க,"
என்றாள், சிமெண்டுக் கையோடு.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

நிறம் சேரவில்லை.
பதினேழு மாதிரிக் கட்டிகள் வார்த்தோம்,
பதினேழும் வேறு வேறு சாம்பல்.
அலுவலகத்திலிருந்து வந்தவர்
தெரியாதபடி பூசச் சொன்னார்.
ஹெஸ்டர் தலையாட்டினாள்.
அவர் கார் கிளம்பியதும்
ஒட்டின் ஓரத்தை ஒரு நூல் உள்வாங்கி முடித்தாள்,
தேடுகிறவர் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு.

குறிப்பேட்டில் உப்பு எவ்வளவு,
வில்லை எங்கெங்கே, என்ன தண்ணீர்
எல்லாம் எழுதச் சொன்னாள்.
பெயர் வேண்டாமா என்றேன்.
"அதை எதுக்கு?"

இருபத்தெட்டாம் நாள் நல்ல மழை.
சாரம் வழுக்கியது. ஏறினாள்.
புது ஒட்டைத் தட்டினாள். டங்.
அதில் அவளுக்கு அக்கறை இல்லை.
ஒரு சாண் தள்ளி,
பழைய சுவரில் காதை ஒட்டவைத்து,
மழை நிற்கட்டும் என்று
சுத்தியலைப் பிடித்தபடி நிற்கிறாள்.