ஒன்பதில் எட்டு

செல்போனைச் சட்டையில் துடைத்து
என் முன்னால் நீட்டுகிறான் சஞ்சீவி.
லாபிஸ் ரயில் கேட்டுக்குப் பக்கத்து ஒட்டுக்கடை.
அவன் ரொட்டி ஆறிக்கொண்டிருக்கிறது.

"பாருக்கா, பின்லாந்துச் சாமான்.
குட்டைக் குழல். காருக்குள்ளயே திருப்பலாம்.
கட்டையப் பார்த்தியா?"

கட்டை ஆரஞ்சு.
சீனப் பெருநாளுக்குப் பெட்டி பெட்டியாய் வருமே,
அந்த ஆரஞ்சு இல்லை.
சாலை வெட்டுகிறவர்கள் நட்டுவைக்கும் கூம்பின் ஆரஞ்சு.
கண்ணைக் கூப்பிட்டு அறைகிற ஆரஞ்சு.

அங்கே பனியாம்.
நாய்கள் ஒரு பக்கமிருந்து விரட்டிவர
ஆட்கள் வரிசையாய் நிற்பார்களாம்.
மரங்களுக்கு நடுவில் யார் எங்கே என்று
தெரியத்தான் இந்த நிறமாம்.
மானுக்கும் பன்றிக்கும் இது
வாடிய இலைதானாம்.
மனுஷனுக்கு மட்டும் தெரியுமாம்.

"மனுஷனுக்கு மட்டும்," என்று
இன்னொரு தடவை சொல்லிவிட்டு
டீயைப் பார்க்கிறான்.

போன ஆகஸ்டு, பதினேழாம் பிளாக்.
விடியக் கொஞ்சம் இருந்தது.
செம்பனை அடியில் குந்தி
உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
வீட்டுக்காரருடைய கறுப்புச் சட்டை,
பனிக்குத் தலையில் கோணி.
ஓலைக்குள் நான் நகர்ந்த சத்தம்
பன்றி மாதிரி இருந்ததாம்.
இருந்திருக்கும்.
பன்றியும் அந்தப் பழத்துக்குத்தான் வரும்,
அந்த நேரத்துக்குத்தான்,
என்னைப் போலவே முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு.

ஒரு தோட்டாவில் ஒன்பது குண்டு.
மூன்று சாக்கில். ஐந்து மரத்தில்.
பாராங் முனையால் நோண்டி எடுத்தேன்.
அவன் சேற்றில் உட்கார்ந்து
வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.
ஒன்பதாவதை இரண்டு பேருமாய்த் தேடினோம்
டார்ச் அடித்து,
தோடு தொலைந்தாற்போல.
கிடைக்கவில்லை.
எட்டும் காப்பித்தூள் டின்னில் இருக்கின்றன.
டின்னை எடுத்துவைக்கும்போது மட்டும் பேசும்.

பாலாய்க்குப் போய் நான் சொல்லவில்லை.
ஏன் என்று எனக்கே சரியாய்த் தெரியாது.
தீபாவளிக்கு இரண்டு கிலோ இறைச்சி கொண்டுவந்தான்.
அதையும் வாங்கி, மிளகு கூடப் போட்டுச்
சமைத்தேன்.

"இதுக்கெல்லாம் இங்க லைசன்ஸ் குடுக்க மாட்டான்," என்கிறான்.
"நம்ம பழைய துப்பாக்கிக்கே
இந்தச் சாயம் அடிச்சிரலாம்னு பார்க்கிறேன்.
ஹார்ட்வேர் கடையில டின் இருபத்திரண்டு வெள்ளி."

எனக்குச் சிரிப்பு வருகிறது.
துப்பாக்கி தெரிந்து என்னடா?
அது உன் தோளில் இருக்கிறது.
அது எங்கே இருக்கிறதென்று
உனக்கு எப்போதும் தெரியும்.

அதற்கப்புறம் ராத்திரிச் சந்தையில்
நானும் ஒரு ஆரஞ்சுச் சட்டை வாங்கினேன்,
கையில்லாதது, முதுகில் வெள்ளிப் பட்டை.
மூன்று மாதம் துவைத்து, பழச் சாறு ஏறி,
அது பழத்தின் நிறத்துக்கே வந்துவிட்டது.
காய்ப்புக் காலத்தில் மரத்தடி முழுக்க அதே நிறம்.
போன வாரம் மண்டோர் என் பெயரைக் கூப்பிட்டபடி
என்னைத் தாண்டி நடந்து போனார்,
இரண்டு தடவை.
நானும் பதில் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் அப்படி இருந்து பார்த்தேன்.

அந்த ஒன்பதாவது
ஏதோ குலைக்குள் புகுந்து லாரி ஏறியிருக்கலாம்.
மில்லுக்குப் போய், எண்ணெயோடு கப்பலுக்குப் போய்,
பனி பெய்கிற ஊரில்
யாரோ ரொட்டியில் தடவும்போது
கத்தியில் கிணுக்கென்று பட்டிருக்கலாம்.
இல்லாவிட்டால் பதினேழாம் பிளாக்கிலேயே
மண்ணுக்குள், நிறமில்லாமல்.

"அடிக்கட்டுமாக்கா?" என்கிறான் மறுபடியும்.
சாயத்தைக் கேட்கிறான் என்று புரிய
ஒரு நொடி ஆகிறது எனக்கு.

"அடி," என்கிறேன்.
"மிஞ்சினால் கொண்டுவா.
சாக்குக்கு அடிக்கலாம்."

கடைக்காரப் பையன் இரண்டு டீக்கும் சேர்த்துக்
காசு கேட்கிறான்.
சஞ்சீவி கொடுக்கிறான்.