அறை 204, இரண்டு ஐம்பது

ரீகாவில் ஆகஸ்ட். இயந்திரவியல் மாநாட்டின் மூன்றாம் நாள்.
ஒரே நேரத்தில் பதினாறு அறைகளில்
உலகம் வளைகிறது, முறிகிறது, ஒழுகுகிறது, உராய்கிறது.
என் தலைமையில் அறை 204:
மெல்லிய ஓடுகள், அவற்றின் நெளிவு.
பதினொரு பேர். அதில் ஒருவர் தூங்குகிறார்.

இரண்டு ஐம்பதுக்குப் பேச வேண்டியவள்
ஜில்டிஸ் மாமிரோவா, பிஷ்கெக்.
வரவில்லை.
விசா கிடைக்கவில்லை என்று காலையில் ஒரு வரி வந்திருந்தது,
முற்றுப்புள்ளிகூட இல்லாமல்.

பேச்சாளர் வராவிட்டால்
அடுத்தவரை முன்னே இழுக்கக் கூடாது என்பது விதி.
மூன்று ஐந்துப் பேச்சுக்கென்றே
வேறு அறையிலிருந்து யாராவது ஓடி வருவார்கள்.
காலியிடம் காலியாகவே இருக்கட்டும்.
பாலத்திலும் விடுவோமே,
வெயிலில் நீளும் இரும்புக்கு ஒரு விரல் இடைவெளி.

திரையில் அவள் தலைப்பு மட்டும் நின்றது:
'உட்புறம் வெளியாகப் புரட்டிய ஓடு எப்போது திரும்பும்?'
"ஐந்தில் இரண்டுதான் போட்டேன் இதற்கு"
என்றார் பட்ராஸிலிருந்து வந்த வூல்காரிஸ், யாரும் கேட்காமலே.
"வெறும் கணக்கு. சோதனை எங்கே?"
காபிக் கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்போது மாணவன் நௌரிஸ் உள்ளே வந்தான்,
பதிவு மேசையடியில் ஒன்பது நாளாகக் கிடந்த பொட்டலத்தோடு.
தபால்தலையில் ஒரு பனிச்சிறுத்தை.
உள்ளே, செய்தித்தாளில் சுற்றி,
பந்தைப் பாதியாக அரிந்ததுபோல்
எட்டுச் சாம்பல்நிற ரப்பர் கிண்ணங்கள்.
விளிம்பில் நீல மையில் நொடிகள்:
4, 11, 26, 70, இப்படி.
எட்டாவதில் எண் இல்லை.

வரமுடியாது என்று
முன்னமே கணக்கிட்டிருக்கிறாள்.
அந்தக் கணக்கும் சரியாகத்தான் வந்திருக்கிறது.

கட்டைவிரலால் அழுத்தி, புரட்டி, மேசையில் வைத்தோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
ரப்பருக்குள் இப்போது என்ன தளர்கிறதென்று
இங்கே எல்லோருக்கும் தெரியும், சமன்பாடாகவே தெரியும்.
ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

நாலாம் நொடியில், டப்.
கூரையைத் தொட்டுவிட்டு விழுந்தது.
பதினொன்றில் இன்னொன்று.
தூங்கியவர் விழித்துக்கொண்டார்.
இருபத்தாறில் எழ வேண்டியது இருபத்தெட்டில் எழுந்தது;
"ஜன்னலைச் சாத்துங்கள், அறை குளிர்ந்திருக்கிறது"
என்றார் ஒசாகாக்காரர், கோபமாகவே.
வூல்காரிஸ் நாற்காலிகளுக்கடியில் மண்டியிட்டுத்
துள்ளிப்போனவற்றைத் தேடிக்கொண்டிருந்தார்,
கழற்றிய கைக்கடிகாரத்தை வாயில் கவ்வியபடி.

எட்டாவது அசையவில்லை.
மூன்று ஐந்து.
அடுத்தவர் வந்து காற்றாலை இறகுகளின் களைப்பைப் பற்றி
நன்றாகவே பேசினார், ஒரு கண் மேசைமேல்.
யாரும் அவரிடம் கேள்வி கேட்கவில்லை, பாவம்.

மாலையில் அதை ஒரு தட்டில் வைத்து
டிராமில் ஏறினேன்.
பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுவதுபோல் ஒரு பையன் எழுந்து
இடம் கொடுத்தான்.
தௌகாவா ஆற்றின்மேல் பாலம் சற்றே அதிர்ந்தது,
அதிர வேண்டிய அளவு.

சமையலறையில், கறுப்பு ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பாத்திரம் கழுவினேன், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.
பிறகு பார்ப்பதை மறந்தேன்.

இரவு ஒன்று நாற்பத்தொன்றுக்கு வீட்டுக்குள் ஒரு சத்தம்.
விளக்கைப் போட்டால்
உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது.
தரையில் அது,
தன் பழைய வடிவத்தில்,
எதுவுமே நடக்காததுபோல்.

அவளுக்கு எழுதினேன்:
பத்து மணி, நாற்பத்து மூன்று நிமிடம்.
பிஷ்கெக்கில் இன்னும் விடிந்திருக்காது.
ஆனால் உடனே பதில் வந்தது.
நன்றி இல்லை. விசாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.
'அறையின் வெப்பநிலை எவ்வளவு?'

வெறுங்காலில், உப்பை மிதித்துக்கொண்டு,
வெப்பமானியைத் தேடி
ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்தேன்.