குந்தா வண்டி

மேல்செட்டு அண்ணத்தைக் கவ்விக்கொள்ளும்.
கீழ்ச்செட்டுதான்
நாக்கு கிளம்பினால் கூடவே கிளம்பும்.
ஊட்டி பஸ் ஸ்டாண்டில்
மைக்கைப் பிடித்து 'குந்தா' என்றேன்,
நாலு பேர் குன்னூர் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

தையில் ஒரு விடியல்
டம்ளர் தண்ணீரோடு பல்லும் உறைந்திருந்தது.
வெந்நீர் ஆகாது, கோணிக்கொள்ளும்.
டம்ளரை அக்குளில் இடுக்கி
நடுங்கிக்கொண்டே உருக்கினேன்;
முதல் வண்டி அறிவிப்பில்லாமல் போனது.

"தாடையில ரெண்டு திருகாணி போதும்,
செட்டு அதுல மாட்டிக்கும்" என்றார் ஜெசிந்தா டாக்டர்.
விலையைக் கேட்டு வாயை மூடினேன்.
பவானி தன் காதைத் தொட்டாள்.
அங்கேயும் ரெண்டு திருகாணி.
அடகுக் கடைச் சீட்டை
நான்தான் மடித்து வைத்தேன்.

எலும்பு உலோகத்தைப் பிடிக்க நாலு மாசம்.
அதுவரை கஞ்சி, களி, அவரை மசியல்.
பிறகு ஒருநாள்
டிச்சுப் பட்டன் மாதிரி
டக்கென்று உட்கார்ந்தது.

குந்தா, குந்தா, குந்தா.
"ஒருக்கா சொன்னாப் போதுங்க" என்று
டிரைவர் சீட்டிலிருந்து
தலையை நீட்டினார் ஆல்துரை.

ராத்திரி செட்டைக் கழற்றிக் கழுவினேன்.
திருகாணி ரெண்டும் தாடையிலேயே.
நாக்கு போய்ப்போய்த் தொட்டுவிட்டு வந்தது.
விளக்கணைக்கும் முன் பார்த்தேன்,
பவானியின் காதில் வேப்பங்குச்சி.