இரண்டாம் பசூன்

ஏவ்ரிஸ்த் மொர்லாக் எழுதிய ஒரே ஓபராவில்
மிஞ்சியது இவ்வளவுதான்:
இரண்டாம் பசூனுக்கான பதினோரு தாள்கள்.

பசூன் என்பது ஆளுயர மரக்குழல்.
தொண்டை கட்டியவன் ரகசியம் சொல்வதுபோல் ஒலிக்கும்.
அதிலும் இவன் இரண்டாமவன்.
மூன்று அங்கத்திலும் அவனுக்குப் பெரும்பாலும்
எண்ணுகிற வேலை.

தடித்த ஒரு கோடு, அதன் தலையில் எண்பத்து நான்கு:
எண்பத்து நான்கு தாளக்கட்டம் சும்மா இரு.
பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு ஸ்வரம்.
பிறகு நூற்றிப் பன்னிரண்டு
சும்மா.

அரங்கம் எரிந்த இரவில்
வயலின்களின் தாள் போயிற்று.
கொம்புகளின் தாள் போயிற்று.
உப்பளத்து அரசி எதற்காகக் கடலில் இறங்கினாள் என்பதும் போயிற்று.
இவை மட்டும் கஸ்பார் துய்யேயின் வீட்டில், அலமாரிக்கு மேல்.
பழகிப் பார்க்க எடுத்துப்போனவன்
திருப்பித் தர மறந்திருக்கிறான்.

திஜோன் நகர நூலகத்தில்
நான் இவற்றுக்கு எண் போட வேண்டும்,
ஐந்து மணிக்குள்.

ஓரமெல்லாம் கஸ்பாரின் பென்சில்:
'இங்கே அவள் அலறுவாள். திடுக்கிடாதே.'
'குழலில் எச்சில். வடி.'
'மொர்லாக் கண்ணை மூடிக்கொள்கிறார்.
அவர் கையை நம்பாதே, நீயே எண்ணு.'
'நான்காம் இரவு. ஆட்கள் முப்பத்தொன்று. நாய் ஒன்று.'
ஐந்தாம் இரவு என்று எதுவும் இல்லை.

மொர்லாக் அதன்பின் இருபத்தாறு வருடம்
பெண்கள் பள்ளியில் ஸ்வரம் சொல்லிக்கொடுத்தார்.
வரிப் பதிவேட்டில் இருக்கிறார்:
கதவு ஒன்று, ஜன்னல் இரண்டு.
அவ்வளவு வெளிச்சத்துக்குத்தான்
அவரால் வரி கட்ட முடிந்தது.

பத்தாம் தாளைப் புரட்டுகிறேன்.
இருநூறு கட்ட மௌனத்துக்கு அப்பால்
எட்டே எட்டுக் கட்டத்துக்கு ஒரு மெட்டு,
பசூனுக்கு மட்டும். மற்ற எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்போல.
மேலே மசியில், சாய்ந்த வேறொரு கை:
'மிஸ்யே துய்யே, இது உங்களுடையது.
நெடுநேரம் காக்கவைத்துவிட்டேன், மன்னியுங்கள்.'

கீழே பென்சில்:
முதல் இரவு, 'இருமல்'.
இரண்டாம் இரவு, 'இருமல், யாரோ எழுந்து போனார்கள்'.
மூன்றாவது அழிக்கப்பட்டிருக்கிறது,
வெளிச்சத்தில் பிடித்தும் தெரியவில்லை.
நான்காவது, 'நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது'.

எனக்குப் பாட வராது.
ஹீட்டரின் இரைச்சலுக்குள் ஒளிந்து
மெல்ல முனகிப் பார்த்தேன்.
ஐந்தாம் கட்டத்தில் மெட்டு
நான் எதிர்பார்த்த படியில் இறங்காமல்
பக்கத்துப் படியில் காலை வைத்தது.
எதிர் மேசையில் மதாம் ப்ரிஷார் நிமிர்ந்து
'ஜன்னலைச் சாத்தட்டுமா?' என்றாள்.

'நிலை' என்ற பத்தியில்
'குறையுடையது' என்று எழுதினேன்.
வேறு சொல்லுக்குப் படிவத்தில் இடமில்லை.

வீடு திரும்பும் ட்ராமில்
எண்பத்து நான்கை எண்ணத் தொடங்கினேன், உதடு அசையாமல்.
ஐம்பத்தேழில் ஒரு பையன்
பக்கத்து இருக்கை காலியா என்று கேட்டான்.
ஆம் என்று நகர்ந்து உட்கார்ந்து
மறுபடி ஒன்றிலிருந்து.